ஏல இலக்கம் 41

கறுவாத்தோட்டத்து வீடொன்றிலிருந்து
லொறியில் வந்திறங்கின
ஆறு முதிரைக் கதிரைகள்.
நல்ல மழை. சாக்குப் போர்த்தி இறக்கினார்கள்,
வார்டுக்குக் கொண்டுபோகும் ஆட்களைப் போல.

சீட்டு எழுதுவது என் வேலை.
மரம், காலம், பாணி, சேதம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

பாணி: புதுச்செவ்வியல்.

ஒரு வரிக்குள் எப்படி அடக்குவது?
எரிமலைச் சாம்பலுக்குள் கிடந்த ஊரைத் தோண்டினார்கள்.
அங்கே ஒரு சுவரில்
கதிரையிலே கால்மேல் கால் போட்டபடி ஒரு பெண்
சாம்பல் விழுந்ததே தெரியாமல் இருந்தாள்.
அவளைப் பற்றிக் கேள்விப்பட்ட இலண்டன்
வளைவெல்லாம் போதும் என்று முடிவெடுத்தது.
சிப்பி போயிற்று. சுருள்கொடி போயிற்று.
பந்தைக் கவ்விய நகம் போயிற்று.
கால்கள் நிமிர்ந்து, கீழே போகப் போக மெலிந்து,
உடம்பெல்லாம் தூண்வரி ஓட நின்றன.
ரோமாபுரி இப்படித்தான் இருந்தது என்றார்கள்
ரோமாபுரிக்குப் போகாத தச்சர்கள்.

அந்த மாதிரிப் படங்கள் கப்பலேறிக்
கொழும்பில் இறங்கியபோது
முதலில் தோற்றது பட்டு.
வியர்வையும் பூஞ்சணமும்
ஒரு மாரிக்குள் அதைத் தின்று முடித்தன.
பட்டை உரித்துப் பிரம்பு பின்னினார்கள்.
கறையானுக்குப் பயந்து
ரோமத் தூண்கள் நான்கும்
தண்ணீர்ப் பேணிக்குள் காலை வைத்து நின்றன.

இன்று ஒவ்வொன்றாய்க் கவிழ்த்தேன்.
ஆசனச் சட்டத்தின் அடியில் உளிவெட்டு:
ஒரு கோடு. இரு கோடு. மூன்று. நான்கு.
ஐந்தாவதில், ஆப்பு மாதிரி, ரோம ஐந்து.
ஆறாவதில் கோடே இல்லை.

சு

என்று மட்டும் இருந்தது.

சுப்பர்? சுந்தரம்? சுவாம்பிள்ளை?
யாரோ களவாய்ப் போட்ட கையெழுத்தென்று நினைத்தேன்.
பிறகுதான் ஞாபகம் வந்தது,
பழைய பஞ்சாங்கத்தில் ஆறுக்கும் அதே உருவம்.
பெயரா, எண்ணா?
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
மரத்தூசி மட்டும் மூக்கில் ஏறிற்று.

நிமிர்த்தி வைத்து முதுகைப் பார்த்தேன்.
ஐந்திலும் ஒரு தாழி,
இடுப்பு ஒடுங்கி, மூடி கூராகி,
செத்தவரின் சாம்பலுக்கு ரோமர் செய்த தாழி.
ஆறாவதிலும் தாழிதான்.
ஆனால் வயிறு கொஞ்சம் பெருத்துவிட்டது.
மூடி உருண்டு குடுமி வைத்துக்கொண்டது.
கழுத்தைச் சுற்றி ஐந்து இலை, மாவிலைதான், சந்தேகமில்லை.
நிறைகுடம் வைத்திருக்கிறான், படுபாவி,
ஏதோ ஒரு துரையின் முதுகுக்கு.

முதலாளி ஷிப்லி எட்டிப் பார்த்தார்.
"ஆறும் ஒரே செட் என்டு எழுதுங்க தங்கச்சி.
வித்தியாசம் கண்டா விலை விழும்."

சேதம்: இல்லை, என்று எழுதினேன்.

ஏலத்தன்று மிஸ் கெலார்ட்
இரண்டாம் வரிசையில் குடையை மடித்தபடி இருந்தார்.
மெல்பேர்னுக்கு டிக்கெட் போட்டாயிற்றாம்.
ஒரு ஹோட்டல்காரர் பாதியில் விலகினார்.
ஒருதரம், இரண்டுதரம்,
வெள்ளவத்தை ஸ்டூடியோ பவானந்தன் கையை இறக்கவே இல்லை.

ஏற்றும்போது ஒன்றை மட்டும் தள்ளி வைத்தார்.
"இது மற்றதுகளோட சேராமக் கிடக்கு.
காசு வாங்கிற பிள்ளைக்குப் போடுவம்."

ஆக, காலி வீதியில்
மணப்பெண்கள் சாம்பல் தாழியில் சாய்ந்து
கொஞ்சம் நாடியைத் தூக்கிச் சிரிக்கிறார்கள்.

போன கிழமை பாஸ்போட் படத்துக்குப் போனேன்.
அந்தப் பிள்ளை நிறைகுடத்தில் முதுகை வைத்து
ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
கொஞ்சம் எழும்புங்கோ, அடியில் ஓரெழுத்து இருக்கு
என்று சொல்ல வாயெடுத்தேன்.

மிச்சம் இருபது ரூபாவை
மேசையில் வைத்து
என் பக்கம் தள்ளினாள்.